காலியம் ஆர்சனைடில் மாங்கனீசு: கற்றையில் வளர்ப்பதா, அயனியாகச் செலுத்துவதா?

காலியம் ஆர்சனைடு என்ற குறைகடத்தியில் மாங்கனீசு சமநிலையில் 0.1 சதவீதம்கூடக் கரைவதில்லை. அதை ஃபெரோகாந்தமாக்க, அதாவது இரும்பைப் போலக் காந்தமாக்க, சில சதவீதம் வேண்டும். ஆகவே இரண்டு வழிகளுமே படிகத்தை ஏமாற்றும் வேலைதான்.

மூலக்கூற்றுக் கற்றை முறையில் (வெற்றிடத்தில் தனிமங்களின் கற்றைகளைப் படியவைத்துப் படிகம் வளர்ப்பது) அடித்தளத்தைச் சுமார் 200-250 டிகிரி செல்சியசில் வைத்து வளர்ப்பார்கள். சூடு கூடினால் மாங்கனீசு ஆர்சனைடு தனியே பிரிந்துவிடும். குறைந்தால் குறைபாடுகள் பெருகும். படிக அணுக்களுக்கு இடையிலுள்ள இடைவெளிகளில் சிக்கும் ஒவ்வொரு மாங்கனீசு அணுவும், காந்தத்தைத் தாங்கும் மின்துளைகளில் (எலக்ட்ரான் இல்லாத வெற்றிடங்கள்) இரண்டைத் தின்றுவிடும். 200 டிகிரிக்குக் கீழே பல மணி நேரம் பதப்படுத்தினால் அவை மேற்பரப்புக்கு வெளியேறும். கியூரி வெப்பநிலை, அதாவது ஃபெரோகாந்தம் மறையும் வெப்பநிலை, 170 கெல்வினைத் தாண்டும்.

அயனி முறையில் சுமார் 50 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில், சதுர சென்டிமீட்டருக்கு 10¹⁶ அளவில் மாங்கனீசைச் செலுத்துவார்கள். மேலடுக்கு உருக்குலைந்து போகும். அதைச் சாதாரண உலையில் சூடாக்குவதுதான் பெரிய தவறு: மாங்கனீசு ஆர்சனைடு மணிகள் திரண்டு, 310 கெல்வினைத் தாண்டியும் காந்தம் காட்டும். "அறை வெப்பநிலை ஃபெரோகாந்தம்" என்ற அறிவிப்புகள் சில இப்படிப் பிறந்தவையே. அதற்குப் பதில் 248 நானோமீட்டர் எக்சைமர் லேசரின் ஒரே துடிப்பால் உருக்கினால், நானோவினாடிகளில் மீண்டும் உறைந்து மாங்கனீசு காலியத்தின் இடத்தில் மாட்டிக்கொள்ளும். இடைவெளித் தொல்லையும் குறைவு. ஆனால் காந்த அடுக்கு சுமார் 100 நானோமீட்டர்தான், செறிவும் ஆழத்துக்கு ஆழம் மாறும்.

சீரான அடுக்கும் உயர்ந்த கியூரி வெப்பநிலையும் வேண்டுமென்றால் கற்றைதான். காலியம் பாஸ்பைடு போன்றவற்றையும் சோதிக்க அயனியும் லேசரும் கைகொடுக்கும். எதுவானாலும் மாதிரியை எஃகு இடுக்கியால் தொடாதீர்கள்; ஒட்டும் இரும்புத் துகளே பொய்க் காந்தம் காட்டும்.