ஆடம் மார்ஷா, ரோஜர் பேக்கனா: முதலில் யாரைப் படிப்பது?

13ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு பிரான்சிஸ்கன் துறவி (அசிசி பிரான்சிஸ் தொடங்கிய கத்தோலிக்கத் துறவற சபையைச் சேர்ந்தவர்) அறிஞராக வாழ்ந்தது எப்படி? அதை அறிய இரண்டு வாசல்கள் உண்டு: ஆடம் மார்ஷின் கடிதங்கள், ரோஜர் பேக்கன் போப்புக்கு அனுப்பிய 'ஓபஸ் மாயுஸ்' என்ற நூல்.

என் ஓட்டு மார்ஷுக்கே. ஆக்ஸ்போர்டில் பிரான்சிஸ்கன் சபையினரில் முதன்முதலாகப் பேராசிரியர் பொறுப்பேற்றவர் அவர். ஏறத்தாழ 250 கடிதங்கள் ஒரே கையெழுத்துப் பிரதியில் தப்பிப் பிழைத்திருக்கின்றன. அந்த ஒன்றும் அழிந்திருந்தால் இந்த மனிதரை நாம் இழந்திருப்போம். லிங்கன் நகர ஆயர் ராபர்ட் கிராஸ்டெஸ்டுக்கு நண்பராக எழுதுகிறார். மன்னர் மூன்றாம் ஹென்றியின் தங்கை எலினாரின் கோபத்தையும் ஆடம்பர உடையையும் தயங்காமல் கண்டிக்கிறார். அவள் கணவர் சைமன் டி மான்ஃபோர்டுக்கோ, நகரைப் பிடிப்பவனைவிடத் தன் மனத்தை அடக்குகிறவன் மேலானவன் என்ற விவிலிய வாக்கை நினைவூட்டுகிறார். அரசகுடும்பத்திடம் இப்படிப் பேச எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

பேக்கனின் கதை வேறு. மேலிடத்தின் அனுமதியின்றி நூல் வெளியிடச் சபை விதி தடைபோட்டிருந்தது. 1266இல் போப் நான்காம் கிளமெண்ட், எழுதியதை ரகசியமாக அனுப்பச் சொன்னார். ஒளியியல், மொழிகள், நாட்காட்டிப் பிழை என எல்லாவற்றையும் பேக்கன் 'ஓபஸ் மாயு'ஸில் கொட்டினார். 1268இல் போப் இறந்ததும் அந்த ஆதரவு போயிற்று. அறிவியல் வரலாறுதான் உங்கள் நாட்டம் என்றால் இங்கே தொடங்குங்கள்.

மார்ஷ் 1259இல் மறைந்தார். லிங்கன் பேராலயத்தில் கிராஸ்டெஸ்டின் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார். எவரையும் எளிதில் மெச்சாத பேக்கன், அந்த இருவரையும் மனமாரப் புகழ்ந்திருக்கிறார்.