படம் தெரியலைன்னு லேப்டாப்பைக் கடையில் கொடுக்கும் முன் இதைப் படிங்க

யாங்கோனில் இருக்கிற நம்ம ஆட்களுக்காக எழுதுறேன். எனக்கு ஒன்றரை லட்சம் கியாட் போச்சு. அதைக்கூடப் பொறுத்துக்கலாம், அப்பாவோட படங்களும் போச்சு.

கோயில் தீமிதிப் படங்களை அக்கா மகன் ஐபோனிலிருந்து பென்டிரைவில் போட்டுக் கொடுத்தான். என் லேப்டாப் விண்டோஸ் 7. இருநூறு படத்தில் ஒண்ணுகூடத் திறக்கலை, வெள்ளைத்தாள் மாதிரி ஐகான்தான் வரிசையா நின்னுச்சு. இணையத்திலும் சில பக்கங்களில் எழுத்து வரும், படம் வர வேண்டிய இடம் காலியாக் கிடக்கும்.

கடைக்காரர் தமிழர்தான். "கரண்ட் போய்ப் போய் வருதில்லண்ணே, கிராபிக்ஸ் சிப் அடிவாங்கிருச்சு, மாத்தணும்"னார். இங்கே கரண்ட் நிலைமை தெரிஞ்ச யாரும் இதை நம்பத்தான் செய்வாங்க. ஒன்பது நாள் கழிச்சுக் கொடுத்தார். பழைய சிப்பைக் காட்டுங்கன்னேன், தூக்கிப் போட்டாச்சாம்.

வீட்டில் பென்டிரைவைச் சொருகினா அதே வெள்ளைத்தாள். பதறிப்போய் டி டிரைவைத் திறந்தேன். காலி. என்னை ஒரு வார்த்தை கேட்காம முழுசா பார்மட் பண்ணி, அதே விண்டோஸ் 7-ஐத் திரும்பப் போட்டிருக்கார். 2008 நர்கிஸ் புயலில் நனைஞ்ச ஆல்பத்திலிருந்து ஒண்ணொண்ணா உரிச்செடுத்து ஸ்கேன் பண்ணின அப்பா படங்கள் அதில்தான் இருந்துச்சு. காகிதப் படங்கள் எப்பவோ பூஞ்சை பிடிச்சுப் போச்சு. போய்க் கேட்டா, "பேக்கப் எடுக்கலையாண்ணே?"ங்கிறார்.

காரணத்தை அக்கா மகன்தான் கண்டுபிடிச்சான். பைல் பேருக்குப் பின்னாடி எச்இஐசின்னு (HEIC) இருந்துச்சு. 2017-ல் வந்த ஐஓஎஸ் 11-லிருந்து ஐபோன் அந்த வடிவத்தில் படத்தைச் சேமிக்குது. விண்டோஸ் 7-க்கு அந்த வடிவம் தெரியாது, விண்டோஸ் 7-க்கான ஆதரவையே மைக்ரோசாப்ட் 2020 ஜனவரியில் நிறுத்திருச்சு. இணையப் படங்கள் வராததும் இதே கதைதான். நான் வச்சிருந்த பிரவுசர் பழைய ஃபயர்பாக்ஸ் 52. இப்போ பல தளங்களில் இருக்கிற வெப்பிங்கிற (WebP) வடிவப் படங்களை 2019-ல் வந்த 65-ஆம் பதிப்பிலிருந்துதான் அது காட்டும். பையன் படங்களை ஜேபிஜியா மாத்திக் கொடுத்ததும் இருநூறும் திறந்திருச்சு, காசே செலவில்லை.

சிப் போயிருந்தா திரை முழுக்கக் கோடு விழும், இல்லை இருண்டு போகும். வால்பேப்பரும் பழைய ஜேபிஜி படங்களும் பளிச்சுன்னு தெரியுதுன்னா வன்பொருள்மேல பழி போடுறவரை நம்பாதீங்க, முதல்ல பைல் பேரின் கடைசி எழுத்துகளைப் பாருங்க. அந்த ஐபோனில் செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ் போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' வச்சுட்டா இனி எடுக்கிறது ஜேபிஜியா வரும். கடையில் கொடுத்தே ஆகணும்னா ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டி வீட்டில் வச்சுட்டுக் கொடுங்க.

அந்த டிஸ்க்கில் அதுக்கப்புறம் நான் எதுவும் எழுதலை, அணைச்சே வச்சிருக்கேன். அழிஞ்ச பைல்களை மீட்கத் தெரிஞ்ச நம்பகமான ஆள் இங்கே இருந்தா தயவுசெய்து சொல்லுங்க.