ஹெச்டிஎம்எக்ஸ்: எல்லாம் நன்றாக இருக்கிறது, பேக் பட்டனைத் தவிர

எங்கள் சரக்கிருப்பு மென்பொருளில் ஹெச்டிஎம்எக்ஸ் ரொம்ப நாளாக ஓடுகிறது. பக்கத்தை முழுதாக மறுபடி ஏற்றாமல், சர்வர் அனுப்பும் ஹெச்டிஎம்எல் துண்டை வைத்து ஒரு பகுதியை மட்டும் மாற்றும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி அது. மறுபடியும் அதே இடத்தைச் சரிசெய்துவிட்டு, அந்தச் சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன்.

தேடல் பெட்டியில் தட்டத் தட்ட கீழே பட்டியல் மட்டும் மாறும், தேடிய சொல் முகவரியிலும் ஏறிவிடும், பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். அப்புறம் வேறு தளத்துக்குப் போய்விட்டு பேக் அழுத்தினால் மெனு இல்லை, தலைப்பு இல்லை, சிஎஸ்எஸ் இல்லை, வெள்ளைத் திரையில் வெறும் வரிசைகள்! ஒரே முகவரியில் முழுப் பக்கமும் போகிறது, துண்டும் போகிறது, பிரவுசரின் தற்காலிகச் சேமிப்பான கேஷில் கடைசியாகத் தங்கியது துண்டு. ஹெச்டிஎம்எக்ஸ் தன் ஒவ்வொரு கோரிக்கையோடும் ஹெச்எக்ஸ்-ரிக்வெஸ்ட் என்று ஒரு ஹெட்டர், அதாவது கூடுதல் குறிப்பு, அனுப்பும். எதைப் பொறுத்துப் பதில் மாறும் என்று கேஷுக்குச் சொல்வது சர்வர் பதிலின் வேரி ஹெட்டர். அதில் ஹெச்எக்ஸ்-ரிக்வெஸ்ட் என்று சேர்த்தால் பிரவுசர் இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளும். ஆவணத்தில் இது இருக்கிறது, ஆனால் எங்கோ கீழே, கேஷிங் பகுதியில்.

சரி, அதோடு விட்டதா என்றால் இல்லை. தளத்துக்குள்ளேயே பேக் போனால், ஹெச்டிஎம்எக்ஸ் தான் சேமித்து வைத்த பக்கத்தை எடுத்துக் காட்டும், அதுவும் இயல்பாக 10 பக்கம்தான். அதில் இல்லாவிட்டால் அதே ஹெச்எக்ஸ்-ரிக்வெஸ்ட் ஹெட்டரோடு சர்வரிடம் போய் முழுப் பக்கத்தை எதிர்பார்க்கும். அந்த ஹெட்டரை மட்டும் பார்க்கும் சர்வர் துண்டைத்தானே கொடுக்கும்? கூடவே வரும் ஹிஸ்டரி-ரிஸ்டோர் ஹெட்டரையும் பார்த்துப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

எல்லாப் பழியையும் இதன் மேல் போடுவது நியாயம் இல்லை. 1999இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5இல், பக்கம் அப்படியே இருக்க சர்வரிடம் தரவு வாங்கும் எக்ஸ்எம்எல்ஹெச்டிடிபி வந்த காலத்திலிருந்தே, 2005இல் அந்த முறைக்கு ஏஜாக்ஸ் என்று பெயர் வைத்த பிறகும், பக்கத்தை மறுபடி ஏற்றாமல் மாற்றிய எல்லோரையும் பேக் பட்டன் படுத்தியிருக்கிறது.

மற்றபடி இது தரும் நிம்மதி பெரிது. படிவத்தில் எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு ஹெச்எக்ஸ்-போஸ்ட், பதில் எங்கே வந்து விழ வேண்டும் என்று ஒரு டார்கெட், அவ்வளவுதான். கோடை முன்கூட்டியே கட்டித் தயாராக்கும் பில்ட் கிடையாது, தரவை ஜேசன் வடிவத்தில் வாங்கி மறுபடி ஹெச்டிஎம்எல் ஆக்கும் வேலை கிடையாது, நாங்கள் சர்வரில் வைத்திருக்கும் ஜாங்கோ என்ற பைதான் ஃபிரேம்வொர்க்கின் டெம்ப்ளேட்டே போதும், புதிதாகச் சேர்ந்தவரும் அன்றைக்கே கை வைத்துவிடுகிறார்.

அடுத்த புராஜெக்டுக்கும் இதையே போடலாமா என்று கூட வேலை பார்க்கும் நண்பர் கேட்டார். வேண்டாம் என்றுதான் சொன்னேன். தேடலும் வடிகட்டலும் நிறைந்த பக்கம் அது, பேக் அழுத்தாமல் யாரும் வேலை செய்ய மாட்டார்கள். போட்டே ஆக வேண்டும் என்றால், துண்டுகளுக்கு முதல் நாளே தனி முகவரி கொடுத்துவிடுங்கள்.