உப்பு இளவரசியும் உப்பளத்து அம்மாவும்: மறையுரைக்கு எந்தக் கதை?

மறையுரையில், அதாவது பூசையில் நற்செய்தி வாசித்தபின் குரு ஆற்றும் உரையில், கதை சொல்லலாமா என்ற கேள்வி எனக்கு எப்போதோ தீர்ந்துவிட்டது. விதைப்பவர், வலை, காணாமல் போன காசு, புளிப்பு மாவு என்று பேசியவரின் நற்செய்தியை விளக்க வரும் நான், கதையே வேண்டாம் என்று எப்படிச் சொல்ல முடியும்? எந்தக் கதை என்பதில்தான் பல ஆண்டு தடுமாறினேன். தொகுப்பு நூலிலும் வாட்ஸ்அப்பிலும் வரும் தயார்க் கதையா, புனிதர் வரலாறா, பங்கு மக்களின், அதாவது அந்தக் கோயிலைச் சேர்ந்தவர்களின், அன்றாடக் கதையா? மூன்றையும் பல ஆண்டுகள் பீடத்தில் நின்று சொல்லிப் பார்த்து, மூன்றாவதற்கு வந்து சேர்ந்திருக்கிறேன். அதனால் இது நடுநிலையான ஒப்பீடு அல்ல.

ஒரே வாசகத்தை மூன்று முறை எடுத்துக்கொண்டால் சொல்ல வந்தது எளிதாக விளங்கும். கத்தோலிக்கத் திருவழிபாட்டில் ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். மத்தேயு 5:13, "நீங்கள் மண்ணுலகிற்கு உப்பாயிருக்கிறீர்கள்" என்பது முதலாம் ஆண்டில் பொதுக்காலம் ஐந்தாம் ஞாயிறுக்கு உரியது. 2020 பிப்ரவரி 9, 2023 பிப்ரவரி 5, 2026 பிப்ரவரி 8 ஆகிய மூன்று நாளும் அந்த வாசகத்துக்கு நான் மறையுரை ஆற்றினேன்.

2020-இல் கரிசல் காட்டுப் பங்கு ஒன்றில் இருந்தேன். ஒரு தொகுப்பு நூலில் இருந்து உப்பு இளவரசி கதையை எடுத்தேன். உங்களுக்கும் தெரிந்திருக்கும். மூன்று மகள்களிடம் அரசன், "என்மீது எவ்வளவு பாசம்?" என்று கேட்கிறான். தேனைப்போல, பொன்னைப்போல என்று மற்ற இருவரும் சொல்ல, கடைக்குட்டி மட்டும் "உப்பைப்போல" என்கிறாள். துரத்திவிடுகிறான். பிறகு உப்பில்லாத விருந்தைச் சாப்பிடும்போதுதான் அவனுக்குப் புரிகிறது. கோயிலில் ஒரு குழந்தைகூட அசையவில்லை. பூசை முடிந்ததும் நாலைந்து பேர் வந்து "கதை ரொம்ப நல்லா இருந்துச்சு சாமி" என்றார்கள். எனக்கும் நிறைவாக இருந்தது. நோட்டில் அந்தக் கதைக்குப் பக்கத்தில் சரி என்று குறித்து வைத்துக்கொண்டேன்.

2023-இல் தூத்துக்குடிக் கரையில் உப்பளங்களை ஒட்டிய பங்குக்கு வந்திருந்தேன். கோயிலுக்கு வருபவர்களில் பாதிக்கு மேல் அளத்து வேலைக்காரர்கள். நோட்டைப் புரட்டினேன், சரி என்று குறித்திருந்த அதே கதையைச் சொன்னேன். பூசை முடிந்து வாசலில் நிற்கும்போது அறுபது வயதிருக்கும் ஓர் அம்மா வந்து கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "கதை நல்லா இருந்திச்சு சாமி. ஆனா ஒண்ணு கேக்கணும். உப்பு எப்பிடி சாமி உப்பில்லாமப் போவும்? கரைஞ்சுல்லா போவும்?"

என்னிடம் பதில் இல்லை. இன்னும் வருத்தமான செய்தி, அந்தக் கேள்வி நற்செய்தி வாசகத்திலேயே இருக்கிறது. "உப்பு உவர்ப்பற்றுப் போனால்" என்பதுதான் இயேசு போடும் முடிச்சு. இளவரசி கதையில் அந்த முடிச்சே கிடையாது. உப்பு எவ்வளவு அருமையானது என்பதோடு அது முடிந்துவிடுகிறது. நான் நற்செய்தியின் முதல் பாதி வாக்கியத்துக்குக் கதை சொல்லிவிட்டு, மீதியை வாசித்ததோடு விட்டுவிட்டேன். இரண்டு பங்கிலுமே அப்படித்தான். கரிசல் காட்டில் யாரும் கேட்கவில்லை, அவ்வளவே.

அடுத்த வாரம் அந்த அம்மா வேலை பார்க்கும் அளத்துக்குப் போனேன். கடல்நீர் பாத்தி பாத்தியாக மாறி வெயிலில் இறுகுவதை அவர்கள் டிகிரிக் கணக்கில் சொல்கிறார்கள். இது சூட்டின் அளவு அல்ல, நீரின் அடர்த்தி. சுமார் 25 டிகிரி வரும்போது உப்பு பூக்கும். அதற்கு முன்பே, முந்தின பாத்திகளில், ஜிப்சம் படிந்துவிடும். பார்வைக்கு அதுவும் வெள்ளையாக மின்னும், நாக்கில் வைத்தால் உவர்ப்பே இருக்காது. பாத்தி ஓரத்தில் மண்ணும் ஜிப்சமும் கலந்து வாரிய உப்பைக் குவித்துப் போட்டு, அதில் மழை பெய்துவிட்டால், உப்பு கரைந்து ஓடிவிடும். வெள்ளையாக ஒரு பொருக்கு மட்டும் மிஞ்சும். அந்த அம்மா அதை எடுத்துக் காட்டினார். "இத என்ன செய்வீங்க?" என்றேன். "வரப்புல கொட்டிருவோம். நடக்க நடக்க இறுகிக்கிடும்."

வெளியில் கொட்டப்பட்டு மனிதரால் மிதிபடும். மத்தேயு எழுதியதும் அதுதான். சாக்கடல் பக்கத்தில் அன்று வாரிய உப்பும் வேறு கனிமங்கள் கலந்ததுதான், உப்பு கரைந்தபின் சப்பென்ற வெள்ளைக் கழிவு மிஞ்சும் என்று விவிலிய உரைகளில் நானும் படித்திருக்கிறேன். படித்தது எனக்குள் உயிரோடு இல்லை. அந்த வரப்பில் நின்றபோதுதான், பார்ப்பதற்கு உப்பாகவே இருந்துகொண்டு உப்பாக இல்லாமல் போவது எப்படி என்று புரிந்தது. கோயில், செபமாலை, அங்கி எல்லாம் வெள்ளையாக இருக்க, உள்ளே இருந்தது எந்த மழையில் கரைந்து போனது? 2026-இல் இதைத்தான் சொன்னேன். கதை என்றுகூடச் சொல்ல முடியாது, கையில் ஒரு பொருக்கு, அவ்வளவே. பூசை முடிந்ததும் கதை நன்றாக இருந்தது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரம் இரண்டு பேர், ஆண்டுக்கணக்கில் ஒப்புரவு அருட்சாதனத்துக்கு (பாவ அறிக்கைக்கு) வராதவர்கள், பேச வேண்டும் என்று வந்தார்கள். மறையுரைதான் காரணமா என்று நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

தயார்க் கதைகளின் நல்லதையும் சொல்ல வேண்டும். ஆயத்தம் செய்ய நேரமில்லாத வாரத்தில் கைகொடுக்கும். சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு ஓர் அடக்கத் திருப்பலி முடித்து வந்தவருக்கு அது பெரிய உதவி. யாருடைய மனதையும் புண்படுத்தாது. எந்த ஊரிலும் செல்லும்.

எந்த ஊரிலும் செல்லும் என்பதுதான் அதன் குறையும். அது உண்மையா என்று கேட்க ஆளில்லாமல் ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருக்கும். கழுகுக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பது வயதில் மலை உச்சிக்குப் போய் அலகைப் பாறையில் மோதி உடைத்து, நகங்களைப் பிடுங்கி, புது அலகு முளைத்து இன்னும் முப்பது ஆண்டு வாழ்கிறதாம். கழுகைப்போல் இளமை புதிதாகும் என்று பாடும் திருப்பாடல் 103-க்கு இதைச் சொல்லாத தியானம் குறைவு. உண்மையில் அலகை இழந்த கழுகு இரை தின்ன முடியாமல் சில வாரங்களில் செத்துப்போகும். எழுபது ஆண்டு காட்டில் வாழும் கழுகும் கிடையாது. மேல்நிலைப் பள்ளி மாணவன் ஒருவன் இதைக் கைப்பேசியில் தேடிக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். அதற்குப் பிறகு நான் உயிர்ப்பைப் பற்றிச் சொன்னால் அவன் எந்தக் காதால் கேட்பான்?

ஊசிக்கண் வாசல் விளக்கம் இதைவிடத் தீங்கானது. செல்வர் இறையாட்சிக்குள் நுழைவதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்றார் இயேசு. எருசலேமில் அப்படி ஒரு சின்ன வாசல் இருந்தது, ஒட்டகம் சுமையை இறக்கி முழங்கால் இட்டால் நுழைந்துவிடும் என்பார்கள். இயேசுவின் காலத்தில் அப்படி ஒரு வாசல் இருந்ததற்குச் சான்று இல்லை. "மனிதரால் இது இயலாது" என்று அவர் சொன்னதை, கொஞ்சம் குனிந்தால் இயலும் என்று அது மாற்றிவிடுகிறது. தயார் விளக்கம் நற்செய்தியின் முள்ளைப் பிடுங்கிவிட்டுத் தருகிறது.

புனிதர் வரலாறு பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அதற்கென்று உள்ள நாளில் அதற்கு இணை இல்லை. ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் 1752-இல் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயத்தின் நிலைத்தன்மையை ஜனவரி 14 அன்று எங்கள் மக்களுக்குச் சொல்லும்போது வேறு எதுவும் வேண்டாம். ஆனால் வாரா வாரம் சொன்னால், "அவுங்க புனிதர், நாம அப்பிடியா" என்று மக்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். கதையே இல்லாமல் வசனத்துக்கு வசனம் விளக்குவதும் ஒரு வழி. அதை அழகாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள், எனக்கு வரவில்லை.

இனி நான் முடிவுக்கு வந்த காரணம். அன்றாடக் கதை மக்களுக்கு நெருக்கமானது, எளிது, நினைவில் நிற்கும் என்றெல்லாம் வழக்கமாகச் சொல்வார்கள். அது சரிதான், ஆனால் இளவரசியும் நினைவில் நின்றாளே! எனக்குத் தீர்மானமாகப் பட்டது வேறொன்று. அன்றாடக் கதையில் கேட்பவர் என்னைத் திருத்த முடியும். உப்பைப் பற்றி அவருக்கு என்னைவிட அதிகம் தெரியும். அரண்மனையைப் பற்றி எங்கள் இருவருக்குமே ஒன்றும் தெரியாது.

இயேசுவின் உவமைகளும் இப்படித்தான் வேலை செய்தன என்று இப்போது நினைக்கிறேன். கேட்டவர்கள் விதைத்தவர்கள், மேய்த்தவர்கள், மாவு பிசைந்தவர்கள். எது வழக்கம் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் எந்த இடத்தில் கதை வழக்கத்தை மீறுகிறதோ அந்த இடம் அவர்களைத் தைத்தது. புளிப்பு மாவு உவமையில் மூன்று மரக்கால் மாவு என்று நாம் சும்மா வாசித்துப் போகிறோம். அது ஏறக்குறைய நாற்பது லிட்டர். ஒரு வீட்டுக்கு யார் அவ்வளவு மாவு பிசைவார்கள் என்று அங்கே இருந்த பெண்களுக்கு உடனே தோன்றியிருக்கும்.

2023 செப்டம்பர் 24 அன்று திராட்சைத் தோட்ட வேலையாள்கள் உவமை வந்தது. காலையில் இருந்து மாலை ஐந்து மணி வரை ஆள் கூப்பிட்டு, கடைசியில் எல்லாருக்கும் ஒரே கூலி கொடுக்கும் முதலாளியின் கதை அது. அளத்தில் பாடம் படித்திருந்ததால், இந்த முறை முன்கூட்டியே போய்க் கேட்டேன். காலையில் சித்தாள்களும் கையாள்களும் வேலைக்குக் காத்து நிற்கும் முக்கு ஒன்று எங்கள் பக்கம் உண்டு. அங்கே ஒரு கொத்தனாரிடம், "மத்தியானம் வந்தவனுக்கு எவ்வளவு கொடுப்பீங்கண்ணே?" என்றேன். "அரை நாள் கூலி." "சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்தவனுக்கு?" அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "அஞ்சு மணிக்கு எவன் சாமி ஆள் கூப்பிடுவான்?"

அதுவரை நான் இந்த உவமையைக் கூலி பற்றியதாகவே பேசிவந்தேன். எல்லாருக்கும் ஒரே தெனாரியம் (அன்றைய ஒரு நாள் கூலி), அது நியாயமா, கடவுளின் தாராளம், இப்படி. கொத்தனார் ஒரே கேள்வியில் அதற்கு முந்தின இடத்தைக் காட்டிவிட்டார். வேலை முடியும் நேரத்தில் முக்குக்கு வந்து ஆள் தேடுகிற முதலாளிக்கு வேலை நடக்க வேண்டும் என்பது நோக்கமே அல்ல. "எங்களை எவரும் வேலைக்கு அமர்த்தவில்லை" என்று நிற்பவனைத்தான் அவர் தேடி வந்திருக்கிறார். எந்தத் தொகுப்பு நூலில் இருந்து எடுத்த கதையும் இதை எனக்குத் தந்திருக்காது, ஏனென்றால் நூலிடம் நான் கேள்வி கேட்க முடியாது.

நேரக் கணக்கும் உண்டு. மறையுரை எட்டு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2024 ஜூனில் சொன்னார். இளவரசிக்கே ஐந்து நிமிடம் போய்விடும். கொத்தனாரின் கேள்விக்கு அரை நிமிடம் போதும்.

இதன் விலை சிறியதல்ல, அதை மறைக்கக் கூடாது. தயார்க் கதைக்குப் பராமரிப்பு கிடையாது, அன்றாடக் கதைக்கு உண்டு. ஒருமுறை, கடன் தொல்லையில் இருந்து மீண்ட ஒரு குடும்பத்தின் கதையைப் பெயர், தெரு எதுவும் சொல்லாமல் சொன்னேன். நல்ல விதமாகத்தான் சொன்னேன். ஐந்நூறு குடும்பம் உள்ள பங்கில் பெயரை மறைப்பது மறைப்பே அல்ல. மறுவாரம் அவர்கள் பூசைக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனபோது அந்தத் தங்கை சொன்னது: "நீங்க சொன்னதுல தப்பு இல்ல ஃபாதர். ஆனா எங்க கத எங்ககிட்ட இருந்து போயிருச்சு." மன்னிப்புக் கேட்டேன். அதிலிருந்து, கேட்காமல் எதையும் சொல்வதில்லை. ஒப்புரவில் கேட்டது எந்த உருமாற்றத்திலும் பீடம் ஏறக் கூடாது. குருக்களுக்கு இது தெரியும், இருந்தாலும் எழுதி வைக்கிறேன். என் சொந்த வீட்டுக் கதையையும் குறைத்துக்கொண்டேன், அதில் நான்தான் எப்போதும் நல்லவனாக முடிந்துகொண்டிருந்தேன்.

நகரப் பங்குகளில் இது எப்படிப் போகும் என்று எனக்கு அனுபவம் இல்லை. ஒரே பூசையில் வங்கி ஊழியரும் மீன் வியாபாரியும் கல்லூரி மாணவியும் இருக்கும் இடத்தில் யாருடைய அன்றாடம் என்ற கேள்வி வரும். சிறுவர் திருப்பலியில் இன்னும் அரசனும் சிங்கமும் வந்துகொண்டுதான் இருக்கின்றன, அங்கே அவை தவறு என்றும் தோன்றவில்லை. பங்கு மாறினால் நோட்டில் பாதி பயன்படாது என்பதும் உண்மை. 2029-இல் உப்பு வாசகம் மறுபடி வரும்போது நான் மலைப் பங்கு ஒன்றில் இருந்தால், புதிதாகத்தான் கேட்டுத் தொடங்க வேண்டும்.

2026 பிப்ரவரியில் அந்தப் பொருக்கைப் பீடத்துக்குக் கொண்டுபோகும் முன் அந்த அம்மாவிடம் அனுமதி கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "பேரச் சொல்லாதீங்க சாமி. உப்பப் பத்திச் சொல்லுங்க. அப்பிடியே, உப்பு வாருறவங்க கண்ணப் பத்தியும் ஒரு வார்த்த சொல்லுங்க. வெள்ளையையே பாத்துப் பாத்து எங்க ஆளுகளுக்குப் பார்வ போயிக்கிட்டு இருக்கு."

வாசகத்தில் அடுத்த வசனம், "நீங்கள் உலகிற்கு ஒளியாயிருக்கிறீர்கள்." அன்று மறையுரையை அவர் கண்ணில் இருந்து தொடங்கினேன்.