திங்க்பேடா, லெஜியனா: பிளக் பாயிண்ட் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?

ஒரே கம்பெனி, ஒரே ஷோரூம், பல சமயம் ஏறக்குறைய ஒரே விலை. ஒரு பக்கம் லெனோவோவின் அலுவலக லேப்டாப்பான திங்க்பேட், இன்னொரு பக்கம் அதே லெனோவோவின் கேமிங் லேப்டாப்பான லெஜியன். விவரச் சீட்டை மட்டும் படித்தால் போட்டியே இல்லை. லெஜியனில் தனி கிராபிக்ஸ் கார்டு, நொடிக்கு 165 முறை புதுப்பிக்கும் (165 ஹெர்ட்ஸ்) திரை, 55 வாட் வகை பிராசசர். அதே பணத்துக்கு திங்க்பேடில் கிடைப்பது 14 அங்குலத் திரை, 15 அல்லது 28 வாட் பிராசசர், அதோடு ஒட்டி வரும் கிராபிக்ஸ். கல்லூரி சேரும் ஜூன், ஜூலையில் என்னிடம் யோசனை கேட்கும் தம்பி தங்கைகள் பெரும்பாலும் மனதுக்குள் லெஜியனை வாங்கி முடித்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். அவர்களில் பாதிப் பேருக்காவது அது பொருந்தாத லேப்டாப் என்பது என் கருத்து. மீதிப் பேருக்கு அந்த விலையில் அதைவிட நல்லது கிடையாது. யார் எந்தப் பாதி என்று கண்டுபிடிக்க நான் கேட்பது ஒன்றுதான்: கனமான வேலையை எங்கே உட்கார்ந்து செய்யப்போகிறாய்?

இந்த இரண்டும் வெறும் உதாரணங்கள். திங்க்பேடின் இடத்தில் டெல் லாடிடியூட், எச்பி எலைட்புக் என்று வைத்துக்கொள்ளலாம். லெஜியனின் இடத்தில் ஏசஸ் ராக், எச்பி ஓமன், ஏசர் பிரிடேட்டர்.

திங்க்பேட் 1992இல் ஐபிஎம் கொண்டுவந்தது. 2005இல் ஐபிஎம்மின் கம்ப்யூட்டர் பிரிவையே லெனோவோ வாங்கிக்கொண்டது. அன்றிலிருந்து இன்றுவரை இதன் முதல் வாடிக்கையாளர் கம்பெனிகள்தான். ஆயிரக்கணக்கில் வாங்கி ஊழியர்களுக்குக் கொடுத்துவிட்டு, மூன்று நான்கு வருடம் அவை பழுதில்லாமல் ஓட வேண்டும் என்று எதிர்பார்க்கும் ஐடி பிரிவுகள். அதனால் எடை, கீபோர்டு, பழுது பார்க்கும் வசதி ஆகியவற்றில் கவனம் போயிருக்கிறது. லெஜியன் 2017இல் வந்த கேமிங் வரிசை. அதை வடிவமைப்பவர்களின் முதல் கவலை, உள்ளே பிறக்கும் வெப்பத்தை எப்படி வெளியே தள்ளுவது என்பது. தடிமன், பின்புறத்து வெப்பத் துவாரங்கள், ஃபேன் சத்தம் எல்லாம் அங்கிருந்து வருபவை.

எடையைப் பார்ப்போம். திங்க்பேட் எக்ஸ்1 கார்பனின் 11ஆம் தலைமுறை 1.12 கிலோ. டி14 வகை சுமார் ஒன்றரை கிலோவுக்குள் வரும். லெஜியன் 5 வகைகள் பெரும்பாலும் 2.4 கிலோவை ஒட்டியவை. இதோடு கணக்கு முடிவதில்லை. லெஜியனுக்கு 230 வாட் அல்லது 300 வாட் அடாப்டர் வேண்டும். அது மட்டுமே முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை இருக்கும். பையில் மொத்தம் மூன்று கிலோவைத் தாண்டிவிடும். திங்க்பேடுக்கு 65 வாட் டைப்-சி சார்ஜர் போதும். போன் சார்ஜருக்கும் அதற்கும் ஒரே ஒயர். மறந்துவிட்டு வந்தால் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் வாங்கிக்கொள்ளலாம். தாம்பரத்திலிருந்து பீச் வரை மின்சார ரயிலில் நின்றுகொண்டு போய், அங்கிருந்து பஸ் பிடிக்கிறவருக்கு இந்த வித்தியாசம் தோளில் தெரியும். ஹாஸ்டல் அறையிலேயே வைத்துப் பயன்படுத்துகிறவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

அடுத்தது பேட்டரி. இங்கேதான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். லெஜியனில் 80 வாட்-அவர் பேட்டரி, எக்ஸ்1 கார்பனில் 57 வாட்-அவர். பெரிய பேட்டரி என்றால் நீண்ட நேரம் வரும் என்று யாரும் நினைப்பது இயல்புதான். நடப்பது நேர்மாறு. பல லெஜியன்களில் வரும் இன்டெலின் எச்எக்ஸ் வகை பிராசசர் டெஸ்க்டாப் சில்லையே லேப்டாப்புக்கு ஏற்றபடி அடக்கிச் செய்தது. சும்மா இருக்கும்போதும் அதன் தீனி அதிகம். வேகமான பெரிய திரை தன் பங்குக்குக் குடிக்கும். தனி கிராபிக்ஸ் கார்டு ஏதாவது ஒரு செயலிக்காக விழித்துக்கொண்டால் இன்னும் இறங்கும். கேம் ஆடும்போது மொத்தம் 200 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், 80 வாட்-அவர் பேட்டரி 24 நிமிடத்தில் காலி. அவ்வளவு வேகமாக மின்சாரம் எடுப்பது பேட்டரிக்கும் நல்லதல்ல. அதனால் பிளக்கைப் பிடுங்கியதும் கேமிங் லேப்டாப்புகள் கிராபிக்ஸ் கார்டுக்குப் போகும் வாட்டைத் தாமாகவே பெருமளவு குறைத்துக்கொள்கின்றன. காசு கொடுத்து வாங்கிய சக்தியில் பெரும்பகுதி, சுவரில் பிளக் இருக்கும்வரைதான் உங்களுடையது.

பேட்டரியை இன்னும் பெரிதாக்கினால் என்ன என்று கேட்கலாம். விமானத்தில் முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோகக்கூடிய பேட்டரிக்கு வரம்பு 100 வாட்-அவர். விலை உயர்ந்த கேமிங் லேப்டாப்புகள் 99 வாட்-அவரில் வந்து நிற்பதற்குக் காரணம் இதுதான்.

இப்போது லெஜியன் பக்கம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் அதன் சக்தி உண்மையானது. பிளண்டர் என்ற 3டி மென்பொருளில் ஒரு காட்சியை ரெண்டர் செய்கிறவர், லூமியன் அல்லது என்ஸ்கேப்பில் கட்டடத்தைச் சுற்றிக் காட்டும் ஆர்க்கிடெக்சர் மாணவர், டாவின்சி ரிசால்வில் வீடியோவுக்குக் கலர் பார்க்கிறவர் இவர்களுக்கெல்லாம் தனி கார்டு இல்லாத திங்க்பேட் தண்டனை. அவர்களிடம் எடையைப் பற்றிப் பேசுவதே நியாயமில்லை. ஆனால் கார்டின் பெயரை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் கார்டு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எதற்கும் அமைக்கப்படலாம். ஒல்லியான ஒரு மாடலில் அது 60 வாட்டில் ஓடும். தடித்த மாடலில் 115 வாட்டில் ஓடும். பெட்டியில் இரண்டுக்கும் ஒரே ஸ்டிக்கர். டிஜிபி என்று போட்டிருக்கும் வாட் கணக்கைக் கடைக்காரரிடம் கேளுங்கள். அவர் சொல்லாவிட்டால் கம்பெனியின் பக்கத்தில் அந்த மாடலின் முழு எண்ணைப் போட்டுத் தேடுங்கள். டெஸ்க்டாப்போடு ஒப்பிடுவதும் வேண்டாம். டெஸ்க்டாப் ஆர்டிஎக்ஸ் 4070இல் 5888 'கூடா' கோர் (கணக்கிடும் அலகுகள்), 12 ஜிபி நினைவகம். லேப்டாப் 4070இல் 4608 கோர், 8 ஜிபி. பெயர்தான் ஒன்று.

ஏஐ படிக்கப்போகிறேன், அதற்காகவே கார்டு வேண்டும் என்று சொல்கிறவர்கள் இப்போது அதிகம். லேப்டாப் கார்டின் அந்த 8 ஜிபி நினைவகம் பாடத்தில் வரும் சின்ன ஏஐ மாடல்களுக்குப் போதும். கொஞ்சம் பெரிய மாடல் எடுத்தாலே முட்டிக்கொண்டு நிற்கும். இணையம் வழியாக நிரல் ஓட்ட உதவும் கூகுள் கோலாபில் இலவசமாகவே கிடைக்கும் டி4 கார்டில் 16 ஜிபி இருக்கிறது. நேரக் கட்டுப்பாடு உண்டு, சில சமயம் கார்டு கிடைக்காமல் காத்திருக்கவும் நேரும். ஆனாலும் முதல் இரண்டு வருடப் படிப்புக்கு அது போதுமானது. வெறும் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் கேள்வியே வேண்டாம். பைதான், ஜாவா, டாக்கர், ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ, கூடவே நாற்பது பிரவுசர் டேப் என்று எல்லாம் திறந்து வைத்திருப்பவருக்குத் தேவை ரேம். 16 ஜிபி குறைந்தபட்சம், 32 என்றால் நிம்மதி. கார்டுக்குப் போகும் பணத்தை ரேமுக்கும் எஸ்எஸ்டிக்கும் போடுங்கள்.

வெயிலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வெளிநாட்டு விமர்சகர்கள் ஏசி போட்ட அறையில் சோதித்துவிட்டு வெப்பநிலை சொல்கிறார்கள். லேப்டாப்பின் ஃபேன் உள்ளே இழுப்பது அறையின் காற்றைத்தான். அறை பத்து டிகிரி சூடாக இருந்தால் உள்ளே இருக்கும் சில்லும் கிட்டத்தட்ட அதே அளவு கூடுதலாகச் சூடாகும், அல்லது அதைத் தவிர்க்க வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வேலூரிலோ மதுரையிலோ மே மாதம், ஏசி இல்லாத ஹாஸ்டல் அறையில், மெத்தையின் மேல் வைத்து ஓட்டினால் விவரச் சீட்டில் சொன்ன வேகம் கிடைக்காது. மேஜை, பின்புறத்தைக் கொஞ்சம் தூக்கிவைக்க ஒரு ஸ்டாண்ட், வருடத்துக்கு ஒருமுறை தூசு தட்டல், இவை லெஜியனின் விலையோடு சேர்ந்தவை. கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஓட்டலாமா என்றும் கேட்கிறார்கள். முழு வேகத்தில் ஓடும் கேமிங் லேப்டாப் பழைய ரக சீலிங் ஃபேன் மூன்று சேர்ந்து இழுக்கும் அளவு மின்சாரம் எடுக்கும். வீட்டில் இருப்பவர்கள் முகம் சுளிப்பார்கள்.

திங்க்பேடிலும் குறைகள் உண்டு, அவற்றையும் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்1 கார்பனில் ரேம் போர்டோடு சேர்த்து ஒட்டப்பட்டது. வாங்கும்போது 16 ஜிபி எடுத்தால் கடைசிவரை 16தான். லெஜியனில் பெரும்பாலான மாடல்களில் ரேமுக்கு இரண்டு ஸ்லாட், எஸ்எஸ்டிக்கு இரண்டு ஸ்லாட். இந்த ஒரு விஷயத்தில் கேமிங் லேப்டாப்தான் நீண்ட ஆயுள் கொண்டது. ரேமை மாற்ற வேண்டும் என்று நினைப்பவர்கள் எக்ஸ்1 பக்கம் போகாமல் டி14 ஐந்தாம் தலைமுறையைப் பார்க்கலாம், அதில் இரண்டு ஸ்லாட் திரும்ப வந்துவிட்டது. ஆனால் பழுது பார்ப்பதில் திங்க்பேடை அடிக்க ஆள் இல்லை. எந்த ஸ்க்ரூவை எந்த வரிசையில் கழற்றுவது என்று படத்தோடு விளக்கும் பராமரிப்புக் கையேட்டை லெனோவோவே இலவசமாக வெளியிடுகிறது. கீபோர்டும் அருமை. லெஜியனில் வலப்பக்கம் எண் பலகை இருப்பதால் டைப் செய்யும் கை இடப்பக்கம் ஒதுங்கியே இருக்கும், நாள் முழுக்க எழுதுகிறவருக்கு அது உறுத்தும்.

நடுவில் ஒரு வழி இருக்கிறதா? இருக்கிறது. ஏசஸின் ராக் செஃபிரஸ் ஜி14, 2024 மாடல் ஒன்றரைக் கிலோதான், தனி கார்டும் உண்டு. 2020இல் முதலில் வந்தபோது அதில் வெப்கேம் இல்லை, ஊரடங்கு வருடத்தில் அது பெரிய குறை. இப்போது அதெல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் ரேம் ஒட்டப்பட்டது, விலையும் லெஜியனைவிட நிறைய அதிகம். பணம் ஒரு தடையில்லை என்பவருக்கு நான் யோசிக்காமல் இதைச் சொல்வேன். மற்றவர்களுக்கு இதைவிட நல்ல யோசனை ஒன்று வைத்திருக்கிறேன்.

புதிய திங்க்பேடின் விலை கம்பெனிகளை மனதில் வைத்துப் போடப்படுவது. ஒரு மாணவர் அந்தப் பணத்தைக் கொடுத்துப் புதிதாக வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. மூன்று நான்கு வருடம் கழித்துக் கம்பெனிகள் அவற்றை மொத்தமாகக் கழித்துவிடும்போது விலை பாதிக்கும் கீழே வந்துவிடுகிறது. சென்னை ரிச்சி தெருவில் இப்படி வந்த டி14, லாடிடியூட், எலைட்புக் எல்லாம் கிடைக்கின்றன. புது லெஜியனுக்கு வைத்திருக்கும் பணத்தில் இப்படி ஒன்றை எடுத்துக்கொண்டு, மீதிக்கு வீட்டில் ஒரு டெஸ்க்டாப் கட்டலாம். அதே விலைக்கு டெஸ்க்டாப் கார்டு லேப்டாப் கார்டைவிட வேகமாக ஓடும், ஐந்து வருடம் கழித்து கார்டை மட்டும் மாற்றலாம். தினமும் வீடு திரும்புகிறவர்களுக்கு என் முதல் பரிந்துரை இதுதான். ஹாஸ்டலில் தங்கி, கார்டும் கட்டாயம் தேவைப்படுகிறவர் லெஜியனையே வாங்கட்டும், தயக்கமே வேண்டாம்.

பழையது வாங்கும்போது சில விஷயங்களைப் பாருங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமென்றால் இன்டெலில் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசர் வேண்டும். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் ஏழாம் தலைமுறையை எடுக்காதீர்கள். பேட்டரியின் இப்போதைய கொள்ளளவைக் கடையிலேயே விண்டோஸின் பேட்டரி அறிக்கையில் பாருங்கள். அப்புறம், பணம் கொடுப்பதற்கு முன்பு திங்க்பேடை ஆஃப் செய்து, மறுபடி ஆன் செய்யும்போது எஃப்1 விசையை அழுத்துங்கள். பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பு) திறக்கப் பாஸ்வேர்டு கேட்டால், பழைய கம்பெனி பூட்டியது இன்னும் திறக்கப்படவில்லை என்று அர்த்தம். அந்தப் பாஸ்வேர்டு தெரியாவிட்டால் லெனோவோ சொல்லும் வழி மதர்போர்டையே மாற்றுவதுதான். கடைக்காரர் பூட்டை நாளைக்கு எடுத்துத் தருகிறேன் என்றால், நாளைக்கே வந்து பணம் கொடுங்கள்.