பிஎஸ்4 ஸ்லிம்: விற்பனை விழுந்த பிறகுதான் எங்களுக்கு யோகம்

"இப்போ பழைய பிஎஸ்4 வாங்கலாமா அண்ணா?" என்று தென்னாப்பிரிக்காவின் டர்பனில், எங்கள் சாட்ஸ்வொர்த் பக்கத்துத் தம்பிகள் அடிக்கடி கேட்கிறார்கள். பிஎஸ்4 என்றால் பிளேஸ்டேஷன் 4, டிவியில் மாட்டி ஆடும் சோனியின் கேம் பெட்டி. எங்கள் வீட்டில் 2017 முதல் ஓடுவதால் சொல்கிறேன்.

பிஎஸ்4 வெளிவந்தது 2013 நவம்பரில். ஆனால் சோனி கடைகளுக்கு அதிகம் அனுப்பியது 2016-17 நிதியாண்டில், சுமார் 2 கோடி. விலை இறங்கி, ஸ்லிம் என்ற மெலிந்த மாடல் வந்து, நல்ல கேம்களும் சேர்ந்த பிறகுதானே நம்மைப் போன்ற குடும்பங்கள் கடைப் படி ஏறும்? பிஎஸ்3 கதையும் இதுதான்: 2006இல் 599 டாலருக்கு வந்து தடுமாறியது, 2009இல் 299 டாலர் ஸ்லிம் வந்ததும் நிமிர்ந்தது. போட்டி கம்பெனி நிண்டெண்டோவின் வீ (Wii) பெட்டி நேரெதிர். வந்ததுமே பறந்து 10 கோடியைத் தாண்டியது, ஆனால் சீக்கிரமே ஓய்ந்தது. அதன் வாரிசான வீ யூ 1.4 கோடியைக்கூடத் தொடவில்லை.

பிஎஸ்5 வந்த 2020-21இல் பிஎஸ்4 அனுப்பல் 57 லட்சத்துக்குச் சரிந்தது. அதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் பேசினார்கள். நடந்தது வேறு. சிப் பற்றாக்குறையால் பிஎஸ்5 கிடைக்கவில்லை, பழைய பெட்டிக்காரர்களைக் கைவிட கேம் கம்பெனிகளுக்கும் மனசில்லை. 2022இல் கிரான் டூரிஸ்மோ 7, காட் ஆஃப் வார் ரக்னராக் இரண்டுமே பிஎஸ்4க்கும் வந்தன. புது கேம் ஆயிரம் ராண்டைத் தாண்டும் ஊரில், மற்றவர்கள் விற்றுவிட்டுப் போன டிஸ்குகள்தான் எங்கள் நூலகம்.

லோட் ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டுக் காலத்தில்தான் பெட்டியின் அருமை தெரிந்தது. பிஎஸ்5 இழுக்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதிதான் இதற்கு; சின்ன இன்வெர்ட்டரே டிவியோடு சேர்த்துத் தாங்கியது. இன்வெர்ட்டர் வாங்குவதற்கு முன்னால் மட்டும், பாதி ஆட்டத்தில் கரன்ட் போய்த் திரும்பினால் "சரியாக அணைக்கப்படவில்லை" என்று சொல்லி ஸ்டோரேஜைச் சோதிக்க ஆரம்பிக்கும். ஆடிச் சேமித்த இடம் (சேவ்) பிழைத்ததா என்று பார்க்கும்வரை வீட்டில் யாரும் பேசமாட்டார்கள்! மற்றபடி, கன்ட்ரோலரின் இடது குச்சி ரப்பர் தேய்ந்துவிட்டது. விசிறியின் தூசியைத் தட்டாவிட்டால் பெரிய கேம்களில் மிக்சி மாதிரி இரைகிறது.

உண்மையான முதுமை வேறிடத்தில் தெரிந்தது. 2023இல் ஸ்பைடர்மேன் 2 பிஎஸ்5க்கு மட்டும் என்றார்கள், சரி, போகட்டும். கால்பந்துதான் வலித்தது. ஆண்டுதோறும் ஈஏ கம்பெனியின் கால்பந்து கேம் பிஎஸ்4க்கும் வருகிறது, ஆனால் பிஎஸ்5 பதிப்பில் ஆடும் பையன்களோடு ஆன்லைனில் மோத முடியாது. பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது, எதிரே ஆட ஆள் இல்லை.

அதனால் நண்பர்களோடு பந்தாட நினைப்பவர்கள் பிஎஸ்4 வாங்க வேண்டாம். கதை கேம் பிரியர்கள் தாராளமாக வாங்கலாம். வாங்குமுன் கடையிலேயே ஒரு டிஸ்கைப் போட்டு அரை மணி நேரம் ஓடவிட்டு விசிறிச் சத்தத்தைக் கேளுங்கள். பிஎஸ்5 விலையும் பழையபடி நடு வயதில் இறங்கும் என்று காத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 2025 ஆகஸ்டில் அமெரிக்காவிலேயே 50 டாலர் ஏற்றிவிட்டார்கள்.