மின்சாரம்: கம்பியிலா, நுண்ணலையிலா?

கம்பியில்லாமல் மின்சாரம் அனுப்ப முடியுமா என்ற கேள்விக்கு 1975-லேயே விடை கிடைத்துவிட்டது. அமெரிக்காவின் கோல்ட்ஸ்டோனில் பொறியாளர் வில்லியம் பிரவுன் குழுவினர் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் தூரத்துக்கு நுண்ணலையாக (மைக்ரோவேவ்) அனுப்பி, மறுமுனையில் 30 கிலோவாட்டுக்கும் மேல் மின்சாரம் பெற்றார்கள். ரெக்டெனா எனப்படும் ஏற்பியில் விழுந்த அலையில் 80 சதவீதத்துக்கு மேல் மின்சாரமானது. ஆனால் அது ஏற்பியின் திறன் மட்டுமே. மின்சாரத்தை அலையாக்கி, அனுப்பி, மறுபடி மின்சாரமாக்கும் முழுப் பயணத்தில், ஆய்வகத்திலேயே 54 சதவீதம்தான் மிஞ்சியது. உயர் அழுத்த நேர்மின்னோட்டக் கம்பியோ 1,000 கிலோமீட்டருக்குச் சுமார் 3 சதவீதத்தைத்தான் இழக்கிறது. கம்பிக்காகக் காடு வெட்டப்படுகிறது, பறவைகள் மோதிச் சாகின்றன. அந்த வலி நிஜம்தான். ஆனாலும் தரையில் கம்பி இழுக்க முடிகிற இடத்தில் நுண்ணலைக்கு வேலையே இல்லை.

சரி, செயற்கைக்கோளில் சூரியத் தகடு வைத்து, விண்வெளியிலிருந்து அந்த மின்சாரத்தை நுண்ணலைக் கற்றையாக இறக்கினால்? பொறியாளர் பீட்டர் கிளேசர் 1968-ல் சொன்ன யோசனை இது. இரவு கிட்டத்தட்ட இல்லை, மேகமும் தடையில்லை. இதற்குப் போட்டி, தரையில் சூரியத் தகடும் பேட்டரியும்.

பலரும் முதலில் பயப்படுவது கதிர்வீச்சுக்கு. 1970-களின் இறுதியில் நாசாவும் அமெரிக்க எரிசக்தித் துறையும் வரைந்த 5 கிகாவாட் திட்டத்தில், கற்றையின் நடுவில் சதுர மீட்டருக்கு 230 வாட். உச்சிவெயிலில் கால் பங்குதான் அது. ஏற்பியின் விளிம்பில் 10 வாட்; இன்று பொதுமக்களுக்கான சர்வதேசப் பரிந்துரை வரம்பும் அதுவே. பறவை பொசுங்கிவிடும் என்ற பேச்சு மிகை. எனக்குக் கவலை தருவது, ராக்கெட்டுகள் மேல் வளிமண்டலத்தில் விடும் புகைக்கரியும், வைஃபை இயங்கும் அதே 2.45 கிகாஹெர்ட்ஸில் வரக்கூடிய இடையூறும்தான்.

உண்மையான முட்டுக்கட்டை பணம். செயற்கைக்கோள் இருக்கும் உயரத்திலிருந்து 36,000 கிலோமீட்டர் கீழே வருவதற்குள் கற்றை விரிந்துவிடும். அதனால் மேலே 1 கிலோமீட்டர் அகல ஆன்டெனா, கீழே 10-க்கு 13 கிலோமீட்டர் ஏற்பி. சின்னதாகத் தொடங்கி லாபம் பார்த்து வளர்க்க வழியில்லை. தகடும் பேட்டரியும் அப்படியல்ல; கையில் இருக்கிற பணத்துக்கு ஏற்ப வாங்கலாம், அப்புறம் கூட்டிக்கொள்ளலாம். 2024-ல் வந்த நாசா அறிக்கை, விண்வெளி மின்சாரத்தின் ஆயுட்காலச் செலவு தரை வழிகளைவிட 12 முதல் 80 மடங்கு ஆகலாம் என்று கணித்தது.

ஆக, பொதுப் பயன்பாட்டுக்கு இன்று என் வாக்கு தரைத் தகடுக்கும் கம்பிக்கும்தான். நுண்ணலை ஆய்வுக்கான பணத்தை, பேரிடரில் கம்பி அறுந்துபோன பகுதிக்கோ, பறந்துகொண்டே இருக்க வேண்டிய ஆளில்லா விமானத்துக்கோ தற்காலிகமாக மின்சாரம் தரும் சிறு கருவிகளில் போடலாம். அங்கே பாதி வீணானாலும் பரவாயில்லை.